பஞ்சுக்கு அடியில் கயிறு

நுவரெலியா
10.06.2024, திங்கள் காலை

ஜொய்சி,

விடிந்ததும் பிரதாப் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் கணவரைப் பார்த்து நான்கு வருடமாகிறது. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் படியிலேயே நின்றுகொண்டு, "டீச்சர், ஜெரோஷன் கைய ஒடைச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் வார்டுல இருக்காங்க" என்றார். உடனே அதே குரலில், "ஜொய்சி உங்கள வரவேணாங்கிறா" என்றும் சொன்னார். பாவம், இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருப்பார்.

நான் வரமாட்டேன். உன் பிள்ளை, உன் முடிவு. ஆனால் டயகம தேயிலைத் தோட்டத்திலிருந்து யாரும் தினமும் உனக்குச் சோறு கொண்டுவர முடியாது. என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அதனால் நீ அங்கே இருக்கும்வரை சாப்பாடு என் பொறுப்பு. பிரதாப் இங்கே முன்னறையில் தங்கட்டும். பார்வையாளர் நேரத்தில் பையைக் கொண்டுவந்து தருவார். என் சமையல் வேண்டாம் என்றால் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிடு. பட்டினி மட்டும் கிடக்காதே.

போனில் அழைத்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கடைசித் தடவை பேசியது போலத்தான் முடிந்திருக்கும். தாளில் எழுதும்போது நாம் இருவரும் கொஞ்சம் மெதுவாகப் போகிறோம். இப்படியே இருக்கட்டும்.

பிரதாப் சொன்னதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். நேற்றுப் பின்னேரம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தண்ணி ஓடும் கானைத் தாண்டிக் குதித்திருக்கிறான். மழை ஈரத்தில் கால் வழுக்கி, இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்ததும் இங்கே அனுப்பிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சரிசெய்து பிளாஸ்டர் போட்டிருக்கிறார்கள். வேறு எதைக் கேட்டாலும், "டொக்டர் வேகமா சொன்னாரு டீச்சர், நான் தலைய ஆட்டிட்டேன்" என்கிறார்.

அவன் விரல்களை அசைக்கிறானா? கை எவ்வளவு வீங்கியிருக்கிறது? எழுதி அனுப்பு.

பருப்பும் லீக்ஸும் வைத்திருக்கிறேன். அவன் காரம் சாப்பிடுவானா என்றுகூட எனக்குத் தெரியாது.

இசபெல்


வார்டிலிருந்து
10.06.2024, பின்னேரம்

இசபெல் அக்காவுக்கு,

சாப்பாடு வந்தது. அவன் காரம் சாப்பிட மாட்டான். பருப்பை மட்டும் பிசைந்து நாலு வாய் கொடுத்தேன். மிச்சத்தை நான் சாப்பிட்டேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி மட்டும்தான் குடித்திருந்தேன்.

உங்களை ஏன் வரவேண்டாம் என்றேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போனபிறகு தலவில கோயில் அன்னம்மாளுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை இவன். அன்னம்மாள் சுரூபம் கோத்து, ஆசீர்வதித்து இடது மணிக்கட்டில் கட்டிய கயிறு ஐந்து வயது முடியும்வரை கையை விட்டு இறங்கக்கூடாது, முடிந்ததும் கோயிலுக்குக் கூட்டிப் போய் அங்கேதான் அவிழ்க்க வேண்டும் என்பது நேர்ச்சை. ஞானஸ்நானத்தில் நீங்கள்தான் ஞானத்தாய். விருந்தில், கையில் தட்டோடு, ஃபாதருக்கு முன்னால் என்ன சொன்னீர்கள்? "அன்னம்மாளுக்கு நன்றி சொல்றதுக்கு முன்ன, மாத்திரை எழுதிக் குடுத்த கண்டி டொக்டருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துங்க." எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர்கூடச் சிரித்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சிரிப்புத்தான் இப்போது இவன் கையில் வந்து விழுந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பைத்தியம் என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் கை நல்லாகும்வரை உங்கள் கண் அவன்மேல் பட வேண்டாம்.

எலும்பு தோலுக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன் அக்கா. நாங்கள் வந்த வான் வண்டி டயகமவிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு குழிக்கும் அவன் கத்தினான். டிரைவர் செல்லசாமி அண்ணன், "மெதுவாப் போனா நேரமாயிரும், வேகமாப் போனா பிள்ளைக்கு வலிக்கும், நான் என்னதான் செய்யிறது" என்று அழுதேவிட்டார்.

விரல் வீங்கியிருக்கிறது. அசைக்கச் சொன்னால் கொஞ்சம் அசைக்கிறான். விடாமல் அழுகிறான். நேர்ஸ் மிஸ் வந்து விரலை அமுக்கிப் பார்க்கிறார், எழுதுகிறார், போகிறார். என்ன பார்க்கிறார் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவார்.

பக்கத்துக் கட்டிலில் வெலிமடைப் பக்கத்துச் சிங்கள அக்கா ஒருத்தி, குசும். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுகிறார். அவருடைய மகளுக்குச் சுடுதண்ணி கொட்டிக் கால் வெந்துவிட்டது. "அழாத நங்கி, எலும்புதானே, கூடிரும்" என்றார். அவரும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், கையைப் பார்க்கவில்லை.

ஒரு கையோடு இவன் என்ன செய்வான் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஜொய்சி


நுவரெலியா
11.06.2024, செவ்வாய் காலை

ஜொய்சி,

இன்று காரமில்லாமல் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. உருளைக்கிழங்கும் முட்டையும். சிவப்பு மூடி அவனுக்கு.

ஞானஸ்நான விருந்தைப் பற்றி இப்போது வாதாட மாட்டேன். நான் சொன்னதை மாற்றிச் சொல்லவும் மாட்டேன். மாத்திரை வேலை செய்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒரு சிரிப்பு நான்கு வருடம் காத்திருந்து ஒரு குழந்தையின் எலும்பை முறிக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது. கான் வழுக்கியது. அவ்வளவுதான்.

பாடசாலையில் முதலுதவி சொல்லிக்கொடுக்கிறவள் நான், நேர்ஸ் எதைப் பார்க்கிறார் என்று சொல்கிறேன். கேட்கப் பயந்ததை வாசிக்கலாம். முழங்கைக்கு மேலே முறியும்போது பக்கத்திலேயே ஒரு பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் போகின்றன. கை வீங்கும்போது அவை நெரிபடலாம். அதனால்தான் நகத்தை அமுக்கிவிட்டு, திரும்பச் சிவக்கிறதா என்று பார்க்கிறார்கள். நீயே அமுக்கிப் பார். வெள்ளையாகி, விட்டதும் உடனே சிவக்க வேண்டும். விரல் சூடாக இருக்க வேண்டும். தொட்டால் அவனுக்குத் தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் யாரையும் எதிர்பார்க்காமல் நேர்ஸைக் கூப்பிடு. தொந்தரவு செய்கிறோமே என்று யோசிக்காதே. நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்தால் குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

அழுகிறான் என்று எழுதியிருந்தாய். அழட்டும்.

கையில் இருந்த கயிற்றை வெட்டியிருப்பார்கள். அதற்காக மனம் உடையாதே. வீங்குகிற கையில் வளையலோ கயிறோ எதுவும் இருக்கக்கூடாது என்பதால்தான் வெட்டுகிறார்கள், உன் அன்னம்மாள்மேல் அவர்களுக்குக் கோபம் எதுவும் இல்லை.

பிரதாப் எனக்குத் தொந்தரவு இல்லை. போர்வையைக் கடையில் வாங்கியது போல் சதுரமாக மடித்து வைத்துவிடுகிறார். நேற்றுக் கடிதத்தை என் கையில் தந்துவிட்டு, "கொழுந்து லொறியில மூட்ட ஏத்துனவன் இப்ப போஸ்ட் பியோனாயிட்டேன், சம்பளம்தான் ரெண்டு பக்கமும் திட்டு" என்றார். நீயும் திட்டுகிறாயா? நான் திட்டவில்லை. கேள்விதான் கேட்டேன்.

நான் பாடசாலைக்கு இன்று லீவு போட்டிருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில்தான் இருக்கிறேன்.

இசபெல்


வார்டிலிருந்து
11.06.2024, மத்தியானம்

அக்கா,

பிரதாப் பக்கத்தில் நிற்கும்போதே எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. வாசித்துவிட்டுச் சிரிக்க முடியுமானால் சிரியுங்கள்.

கயிற்றை வெட்டவில்லை. வெட்டச் சொன்னார்கள். பிளாஸ்டர் போடும் அறையில் மிஸ் கத்திரிக்கோலை என் கையில் கொடுத்து, "அம்மாவே வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனார். வேறு யார் வெட்டினாலும் என் மனம் தாங்காது என்று நினைத்திருப்பார், நல்ல பெண். நான் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நேர்ச்சை முடிய இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. இத்தனை நாள் காத்துவிட்டு, கை முறிந்திருக்கிற நேரத்திலா அதை அறுப்பது? இருக்கிற ஒரு துணையையும் அறுத்துவிட்டு இவனை யாரிடம் ஒப்படைப்பது? மணிக்கட்டில் இருந்து கயிற்றை மேலே தள்ளி, சுற்றியிருந்த பஞ்சுக்கு அடியில் சொருகிவிட்டேன். பிளாஸ்டர்காரர் அந்தப் பக்கம் திரும்பித் தண்ணியில் துணி நனைத்துக்கொண்டிருந்தார். மிஸ் வந்து கேட்டபோது "வெட்டிட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். கொழும்பில் வீட்டு வேலை செய்தபோது பழகிய சிங்களம். பொய் சொல்ல உதவியது.

குசும் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் விகாரையில் பிக்குமார் ஓதித் தன் கையில் கட்டிய பிரித் நூலைக் காட்டி, "நல்லது நங்கி, நான்னாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றார். மிஸ் சோதிக்க வரும்போதெல்லாம் நான் அவன் கையை என் மடியில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் தூங்கினான், அசைச்சா முழிச்சிருவான்" என்கிறேன். காலையில் அப்படித்தான் திருப்பி அனுப்பினேன். பின்னேரம் பெரிய டொக்டர் வருவாராம்.

இப்போது கேளுங்கள். காலையிலிருந்து அழுகை நின்றுவிட்டது. நேற்று முழுக்க விடாமல் கத்தியவன், இன்று சத்தமே இல்லை. நீங்கள் சொன்னபடி நகத்தை அமுக்கிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது, சிவக்க நேரமெடுக்கிறது. விரலும் குளிர்ந்திருக்கிறது, வார்டே குளிர்தானே. என் நகத்தால் சுண்டுவிரலில் அழுத்திக் குத்திப் பார்த்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குசும் அக்காவின் மகளோடு போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான். வலியே இல்லை.

நான் அன்னம்மாளிடம் கேட்டது இதைத்தான், வலியை மட்டும் எடுத்துவிடு என்று. எடுத்துவிட்டாள். இதற்கும் கண்டி டொக்டருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டுமா?

முட்டை சாப்பிட்டான்.

ஜொய்சி


நுவரெலியா
11.06.2024, உன் கடிதம் கிடைத்த உடனே

ஜொய்சி,

த்ரீவீலர் வாசலில் நிற்கிறது, பிரதாப் அதற்குள் இருக்கிறார். அவரிடமும் சொல்லிவிட்டேன், ஆனால் பயத்தில் அவர் பாதியை மறந்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டே வாசி.

வலி போகவில்லை. உணர்வு போய்க்கொண்டிருக்கிறது. கை உள்ளே வீங்குகிறது, கயிறு விட்டுக்கொடுக்கவில்லை. இரத்தம் போகவில்லை. குளிர்ந்த விரல், வெள்ளை நகம், குத்தினாலும் தெரியாதது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கையே போகலாம். நான் உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

உன் போனுக்கும் வார்டு நம்பருக்கும் அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. இப்போது நேர்ஸைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்: கயிறு உள்ளே இருக்கிறது, பிள்ளைக்கு விரல் தெரியவில்லை. திட்டுவார்கள். திட்டட்டும்.

உன் நேர்ச்சை முறிய வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் ஃபாதர் கேட்ட கேள்விகளுக்கு அவன் வாயால் பதில் சொல்லவில்லை, பேச்சே வராத குழந்தை. அவனுக்காக நான் சொன்னேன். அது செல்லும் என்றால் இதுவும் செல்லும். அவன் கையிலிருந்து அறுக்கிற கயிற்றை என் கையில் கட்டு. ஐந்து வயது முடிகிற நாள்வரை நான் சுமக்கிறேன். தலவிலைக்கும் வருகிறேன். ஞானத்தாய் ஏற்றுக்கொண்டால் அன்னம்மாளுக்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன். போதாது என்று அவள் சொன்னால் என்னோடு பேசட்டும்.

நானும் இந்த த்ரீவீலரில்தான் வருகிறேன். உன் சொல்லை மீறி வார்டுக்குள் வரமாட்டேன், கேட்டில் நிற்பேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. காவல்காரர் பிரதாப்பை விடாவிட்டால் நானே சண்டை போட்டு உள்ளே விடுவேன். அவர் திரும்பி வந்து "சொல்லிட்டா" என்று சொல்லாவிட்டால், உன் வார்டுக்கு நான் வருவேன், டொக்டரிடம் நானே சொல்வேன். அதற்குப் பிறகு நீ என்னோடு வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இரு. அதைத் தாங்குவேன்.

இசபெல்


வார்டிலிருந்து
12.06.2024, புதன்

அக்கா,

உங்கள் கடிதத்தைப் பாதிவரைதான் வாசித்தேன். மூன்றும் சேர்ந்து வந்தால் என்ற இடத்தில் தாளைப் போட்டுவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன். தமிழில் கத்தினேனா சிங்களத்தில் கத்தினேனா தெரியவில்லை. மிச்சத்தை ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்துதான் வாசித்தேன்.

மிஸ்தான் முதலில் ஓடிவந்தார், என்னிடம் கத்திரிக்கோல் கொடுத்த அதே மிஸ். "அம்மா, வெட்டிட்டேன்னு சொன்னீங்களே" என்றார், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே பிளாஸ்டரை வெட்டிப் பிளந்தார்கள். பஞ்சை எடுத்தபிறகும் கயிறு தெரியவில்லை. அக்கா, அது சதைக்குள் புதைந்திருந்தது. இரண்டு பக்கமும் வீங்கி அதை மூடிவிட்டது. சின்ன டொக்டர் கம்பி மாதிரி ஒன்றை அடியில் விட்டுத் தூக்கி அறுத்தார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. விரல்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கட்டிலை அவரே தள்ளிக்கொண்டு ஓடினார். டொக்டர்மார் ஓடுவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. குசும் அக்கா ஓரமாக நின்று என் முகத்தைப் பார்க்காமல் தன் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "திறக்கப் போறோம்" என்றார்கள். பிரதாப் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்திருக்கிறார்கள். மேலே துணிதான் போர்த்தியிருக்கிறது. தைக்கவில்லை அக்கா. மறந்துவிட்டார்களா? ஏன் தைக்கவில்லை? யாரிடம் கேட்பது? என்னோடு இப்போது இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. கேட்டால், "நாளைக்குப் பாப்போம்" என்கிறார்கள்.

விரல் கொஞ்சம் சூடாகியிருக்கிறது. நிறம் வந்திருக்கிறது. ஆனால் அசையவில்லை. ஒன்றுகூட அசையவில்லை.

கயிறு தட்டில் இரத்தத்தோடு கிடந்தது. கேட்டு வாங்கிக் கழுவினேன். அன்னம்மாள் சுரூபம் அதிலேயே இருக்கிறது. சோற்றுப்பெட்டி மூடிக்குள் வைத்து அனுப்புகிறேன். அறுத்த இடத்தில் பிரதாப் ஒரு துண்டு சேர்த்து முடிச்சுப் போட்டுத் தருவார். சொன்னபடி கட்டுங்கள். சிரிக்காமல் கட்டுங்கள். நம்பாமல் கட்டினாலும் பரவாயில்லை, சிரிக்காமல் கட்டுங்கள்.

நீங்கள் கேட்டில் மழையில் நின்றீர்களாம். பிரதாப் சொன்னார்.

ஜொய்சி


நுவரெலியா
13.06.2024, வியாழன்

ஜொய்சி,

மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறந்து விட்டிருக்கிறார்கள். உள்ளே வீங்கிய தசைக்கு இடம் கொடுத்தால்தான் இரத்தம் ஓடும். வீக்கம் வற்றியதும் மூடுவார்கள், சில நாள் ஆகும். பார்க்கத்தான் பயங்கரம். நான் நேற்று என் புத்தகங்களை எடுத்து வாசித்தேன், எனக்குத் தெரிந்த ஒரு டொக்டரையும் கேட்டேன். விரல் எப்போது அசையும், எத்தனை அசையும் என்று நானும் கேட்டேன். "நரம்பு எவ்வளவு பட்டுச்சுன்னு இப்ப யாரும் சொல்ல ஏலாது மிஸ்" என்றார். உனக்குச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு வராது. நிறம் வந்தது நல்லது. சூடு வந்தது நல்லது. மிச்சம் தெரியாது.

வார்டில் பேசாமல் இருக்கிறார்கள் என்று வெட்கப்பட்டு ஒதுங்காதே. கேள். அவன் கைக்கு வாய் நீதான். என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்.

முந்தாநாள் நான் கேட்டில் நின்றபோது என்ன நினைத்தேன் என்று எழுதப் பார்த்தேன், மூன்று தடவை கிழித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. இந்த வீட்டில் பானை மூடி விழுந்தால்கூட எழுந்து நிற்கிறேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

கயிறு வந்தது. ஒரு கையால் கட்ட முடியவில்லை, பிரதாப்தான் கட்டினார். கொழுந்துச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு. இனி வெட்டினால்தான் வரும். கட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் திறந்துகொண்டுதான் இருந்தேன். சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. இரண்டையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் ஏமாற்றிவிட்டேன் என்று நீ சொல்லக்கூடாது.

ஆனால் குளிக்கும்போது அதில் சோப்புப் படாமல் கையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். ஏன் என்று கேட்காதே.

இன்று இரண்டு பாடம் எடுக்கப் பாடசாலைக்குப் போனேன். கரும்பலகையில் எழுதும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. பின் வரிசையில் தனுஷிகா என்று ஒருத்தி, கெட்டிக்காரி, வாயாடி. "மிஸ், நீங்களுமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. வழக்கமாக அந்த இடத்தில் நான் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருப்பேன். "ஆமா" என்றேன். அடங்கிவிட்டார்கள்.

சிவப்பு மூடியில் கஞ்சி இருக்கிறது. பிளாஸ்கில் தேத்தண்ணி, உனக்கு.

வரட்டுமா என்று நான் கேட்கவில்லை.

இசபெல்


வார்டிலிருந்து
16.06.2024, ஞாயிறு

அக்கா,

மூன்று நாளாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அவன் விரலைப் பார்க்கத் தோன்றும். பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பார்க்கும்போது அசையாது என்று நினைத்து, வேண்டுமென்றே ஜன்னலைப் பார்ப்பேன். பிறகு திடீரென்று திரும்புவேன். பைத்தியக்காரத்தனம்தான்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். பெரிய டொக்டர் வந்தபோது எழுந்து நின்று, எல்லாவற்றையும் கேட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். என்மேல் கோபமா என்றும் கேட்டுவிட்டேன். "கோபப்பட நேரமில்லம்மா, இன்னும் வேலை இருக்கு" என்றார். அந்த மிஸ் இப்போது என்னோடு பேசுகிறார். அவன் பெட்டியிலிருந்து ஒரு வாய் முட்டை எடுத்துச் சாப்பிட்டார். உங்கள் சமையலில் உப்புக் குறைவு என்றார்.

நேற்றுக் காலை பெருவிரல் அசைந்தது. மத்தியானம் அதற்குப் பக்கத்து விரல். இன்று நடுவிரலும் கொஞ்சம். மோதிரவிரலும் சுண்டுவிரலும் அசையவில்லை, தொட்டாலும் தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம், மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும் என்றார் டொக்டர். செவ்வாய்க்கிழமை மூடித் தைப்பார்களாம். எலும்புக்குக் கம்பியும் வைப்பார்களாம். திரும்பத் தியேட்டர். திரும்பக் கையெழுத்து. இந்தத் தடவை பிரதாப்பால் முடியாது அக்கா. நல்ல மனுஷன், ஆனால் அந்தக் கதவைப் பார்த்தாலே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். என்னாலும் இன்னொரு தடவை தனியாக முடியாது.

நீங்கள் நம்பவில்லை என்று எழுதியதற்குக் கோபம் வரவில்லை. நம்புகிறேன் என்று எழுதியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அவன் ஐந்து வயதுக்கு நான் நாள் எண்ணுகிறேன், நீங்களும் எண்ணுங்கள்.

நாளைக்குச் சாப்பாட்டை நீங்களே கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கும் வாருங்கள், கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அவனுக்கு உங்களை யாரென்று தெரியாது. தினமும் பெட்டி வருவதால், "இது யாரு குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெரியம்மா என்று சொன்னேன். "சோத்துப் பெரியம்மாவா?" என்றான். அப்படியே வைத்துவிட்டான், இனி மாற்ற முடியாது.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இங்கே வருகிறவர்கள் எல்லாரும், டொக்டர், மிஸ், தரை கூட்டுகிறவர், பிரதாப், நான்கூட, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் முதலில் அவன் கையைத்தான் பார்க்கிறோம். அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. யாராவது வந்தால் உடனே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறான். நீங்கள் வரும்போது கையைப் பார்க்காதீர்கள் அக்கா. எவ்வளவு பயமாக இருந்தாலும் பார்க்காதீர்கள். முதலில் அவன் முகத்தைப் பாருங்கள்.

ஜொய்சி